பீர் டப்பாவின் விலை 90 ஆயிரம் டாலர்!

குடித்து முடித்ததும் குப்பையில் எறிகிற பீர் டப்பா. அதைப்போல் செய்த இரண்டு டப்பாக்களை, 90 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறார் ஒருவர்!

"பைத்தியக்காரத்தனம்" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

நியூயார்க் நகரில் லியோ காஸ்டெல்லி என்ற ஓவிய வியாபாரி இருந்தார். பலே கெட்டிக்காரர். அவர் மீது ஓவியர் வில்லெம் டி கூனிங்குக்கு எரிச்சல். இரண்டு பீர் டப்பாவைக் கொடுத்தால்கூட அந்த ஆள் விற்றுவிடுவான் என்று ஒரு நாள் திட்டினார்.

இது ஜாஸ்பர் ஜான்ஸ் என்ற இளம் ஓவியரின் காதுக்கு எட்டியது. வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஜான்ஸ் வேலையில் இறங்கினார்!

1960-ம் ஆண்டில் இரண்டு டப்பாக்களை வெண்கலத்தில் வார்த்தார். கம்பெனிச் சீட்டை அதில் ஒட்டவில்லை. அதில் இருக்கும் எழுத்துகளைத் தம் கையாலேயே வர்ணத்தில் தீட்டினார். ஒரு டப்பா திறந்தது. மேலே ஓட்டை இருக்கும். மற்றது திறக்காதது. தூரத்தில் நின்று பார்த்தால் கடைச் சரக்கு. கிட்டே போனால்தான் தூரிகையின் தடம் தெரியும்.

விற்றே விட்டார்!

காஸ்டெல்லி சும்மா இருப்பாரா? அதை விற்றே விட்டார்!

வாங்கியவர் ராபர்ட் ஸ்கல். டாக்சி கம்பெனி முதலாளி. கொடுத்த விலை 960 டாலர்.

1973 அக்டோபரில் ஸ்கல் தம்மிடம் இருந்த கலைப் பொருள்கள் பலவற்றை ஏலம் விட்டார். டப்பாக்கள் 90 ஆயிரம் டாலருக்குப் போயின.

இது கலையா என்று பலர் சண்டை போடுகிறார்கள். கலைதான். நாம் திரும்பியும் பார்க்காத டப்பாவை நின்று பார்க்க வைத்தாரே, அது சாமானிய வேலையா? என் சண்டை வேறு.

லாபம் யாருக்கு?

லாபம் 89 ஆயிரத்து 40 டாலர். அதில் டப்பாவை வார்த்து, வர்ணம் தீட்டிய ஜான்சுக்கு ஒரு காசும் கிடையாது!

அதே ஏலத்தில் ராபர்ட் ரோஷன்பர்க் என்பவரின் ஓவியமும் விற்றது. ஸ்கல் அதை வாங்கியது 900 டாலருக்கு. விற்றது 85 ஆயிரத்துக்கு. ஏலம் முடிந்ததும் ரோஷன்பர்க் நேரே ஸ்கல்லிடம் போனார். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நீ லாபம் அடிக்கவா நான் பாடுபட்டேன் என்று கேட்டார்.

இதனால் உமக்கும் நல்லதுதானே, இனி உம் படங்கள் அதிக விலைக்குப் போகுமே என்றார் ஸ்கல்.

அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. யாரும் சீந்தாதபோது துணிந்து பணம் போட்டவர் அவர். ஆனால் இனி வரைகிற படத்துக்குத்தானே அந்த விலை? முன்பு பட்ட பாட்டுக்குக் கூலி எங்கே?

நம் நாட்டில் 1994-ம் ஆண்டு இதற்கு வழி செய்தார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஓவியமோ சிற்பமோ கை மாறினால், படைத்தவருக்கும் பங்கு உண்டு. மறுவிற்பனை விலையில் நூற்றுக்குப் பத்து வரை தரலாம் என்கிறது சட்டம்.

ஜான்சின் டப்பாக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் 9 ஆயிரம் டாலர் வரை கிடைத்திருக்கும். ஸ்கல் முதலில் கொடுத்த விலையைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்!