சக்கரத்தின் கோட்டம்

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்து ஓட்டுவது இந்நாளில் ஒரு கலையாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையைச் சற்று நேரம் கவனித்தால் இந்த உண்மை விளங்கும். தகப்பனார் காலத்துப் புல்லட், பெரியப்பா ஓட்டிய ஜாவா, மாமா வீட்டுக் கொட்டகையில் இருபது வருஷம் கோழி அடைந்து கிடந்த ராஜ்தூத் எல்லாம் புது மாப்பிள்ளை போல் ஜோடித்துக்கொண்டு பவனி வருகின்றன. பெட்ரோல் டாங்கியில் முகம் பார்க்கலாம். ஸைலன்ஸரின் சப்தம் நாலு தெரு கேட்கிறது. ஆசனம் புதிது, விளக்கும் புதிது. ஆனால் இத்தனை அலங்காரத்தையும் தாங்கி ஓடுகிற சக்கரங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நன்றாகத் துடைத்துவிட்டோம்" என்பார்கள். துடைப்பது வேறு, திருத்துவது வேறு என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம்.

புல்லட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது நம் ஊர் வண்டி. அதன் பூர்வீகம் என்னவோ இங்கிலாந்தில், தையல் ஊசிக்குப் பெயர் போன ரெட்டிச் என்னும் ஊர்தான். ராயல் என்பீல்டு கம்பெனியார் அங்கே 1901-ஆம் ஆண்டில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் பாகங்களையும் இங்கேயே செய்யலானார்கள். சீமையில் அந்தத் தொழில் 1970-ஐ ஒட்டி அஸ்தமித்தது, திருவொற்றியூரில் அஸ்தமிக்கவில்லை. 1977-ல் நம்முடைய புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! வாத்தியார் வீட்டுக்கே சிஷ்யன் பாடம் சொல்லப் போன கதை இது. 2013-ல் தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஒரகடத்திலும் புதுத் தொழிற்சாலை வந்துவிட்டது. ஆகவே பட்டணத்தின் வடகோடியில் பிறந்த வண்டியைத் தென்கோடியில் உள்ளவர்கள் சொந்தம் கொண்டாடுவதில் பிழையில்லை.

சொந்தம் கொண்டாடினால் அதன் சக்கரம் எப்படி நிற்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நம் கட்டை வண்டிச் சக்கரத்தை நேயர்கள் அறிவார்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டுக்கும் இடையே ஆரக்கால்கள், வட்டையின் மேல் இரும்புப் பட்டா. பாரம் ஏறும்போது கீழே இருக்கும் ஆரக்கால் தூணைப்போல் நின்று தாங்குகிறது. மோட்டார் சைக்கிளின் சக்கரத்திலும் குடம் உண்டு. பட்டறையில் அதை ஹப் என்பார்கள். வட்டைக்கு ரிம் என்று பெயர். ஆரக்காலுக்குப் பதில் ஸ்போக்ஸ் கம்பி. ஆனால் பெயர் மாற்றத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பென்ஸில் பருமன்கூட இல்லாத கம்பி தூணாக நிற்க முடியுமா? வளைந்துவிடும். கம்பிக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பதுதான். பழைய புல்லட்டின் சக்கரத்தில் உள்ள 40 கம்பிகளும் ரிம்மை நாலா பக்கத்திலிருந்தும் உள்நோக்கி இறுக இழுத்துக்கொண்டிருப்பதனால்தான் அது வடிவு குலையாமல் நிற்கிறது. தரையைத் தொடும் இடத்தில் கம்பிகளின் இழுப்பு சற்றுக் குறைகிறது. மற்றவை விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

இந்தத் தத்துவத்தை ஸர் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் 1808-ல், தம்முடைய பறக்கும் யந்திரத்துக்கு இலேசான சக்கரம் வேண்டுமென்று யோசித்தபோது கண்டார். 1874-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விடாமல் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கிடும்படி பின்னும் முறைக்குப் பேடண்ட் பெற்றார். எஞ்சின் முன்னே முறுக்கினாலும், பிரேக் பின்னே முறுக்கினாலும், ஒரு சாரிக் கம்பிகள் அதற்கு ஈடு கொடுக்கின்றன.

நம் தேசக் கொடியின் சக்கரத்தில் 24 ஆரங்கள். அவற்றில் ஒன்றுக்கேனும் தனிச் சலுகை கிடையாது. புல்லட்டின் 40 கம்பிகளுக்கும் அதே நியாயந்தான். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று தளர்ந்துபோனால் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளின் தலையில் விழுகிறது. தளர்ந்த கம்பியும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தொய்ந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடுகிறது. புல்லட்டின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 தடவை சுற்றும். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு வழிப் பிரயாணத்திலேயே அந்தக் கம்பி 14,000 தடவைக்கு மேல் வெடுக்கென்று இழுபட்டாக வேண்டும்! கடைசியில் குடத்தருகே தலை வளைந்திருக்கும் இடத்தில் முறிகிறது. ஒன்று முறிந்ததைப் பாராமல் ஓட்டினால் இரண்டாவது, மூன்றாவது என்று தொடரும். பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையுமாகப் போகிறவருக்கு இது வேடிக்கை விஷயமல்ல.

நம் தென் புறநகரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளும் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. 2023 டிசம்பர்ப் புயலின்போதும் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் சூழ்ந்தது. அப்படி மூழ்கிக் கிடந்த வண்டிக்கு எஞ்சின் எண்ணெயை மாற்றுவார்கள். பிளக்கைக் கழற்றி உலர்த்துவார்கள். வண்டி உறுமியதும் கற்பூரம் ஏற்றுவார்கள். டயருக்குள்ளே, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே தங்கிய தண்ணீரை நினைப்பவர் குறைவு. வெளியே குரோமிய முலாம் பளபளக்கும். உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகு முதலில் இறுகிப்போகும், பிறகு உளுத்துப்போகும். இதைக் கண்ணால் பார்க்க ஒரே வழிதான் உண்டு: டயரைக் கழற்ற வேண்டும்.

சக்கரத்தைப் பிரித்துக் கட்டுகிற நல்ல கைகாரர் அவசரப்படமாட்டார். பிரிப்பதற்கு முன் கம்பிகள் பின்னியிருக்கும் விதத்தைப் படம் எடுத்துக்கொள்வார். குடத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்வார். ஏனெனில் ரிம் எப்போதும் குடத்தின் நட்ட நடுவில் அமைவதில்லை. அந்தக் கணக்குத் தப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேர்க் கோட்டில் ஓடா. நிப்பிள்களுக்கு எண்ணெய் விட்டு ஊறவைப்பார். எல்லாக் கம்பிகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே கழற்றுவார், வராததை வெட்டுவார். உட்புறக் கம்பிக்கும் வெளிப்புறக் கம்பிக்கும் தலையின் வளைவு வேறாக இருக்கலாம். ஆகையால் வகைக்கு ஒன்று மாதிரிக்கு வைத்துக்கொண்டு நீளம் பார்த்துப் புதுக் கம்பி வாங்குவார்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில்தான் விவேகம் வேண்டும். குடத்தைக் கூடியவரை காப்பாற்ற வேண்டும். கம்பி நுழையும் துளைகளில் விரிசல் இல்லாமலும், பேரிங் உட்காரும் இடம் தேயாமலும் இருந்தால் அது இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பழைய கம்பிகளில் தயவு தாட்சண்யம் கூடாது. நாற்பதையும் மாற்றிவிடுவதே நல்லது. ரிம்மில் மேல் துரு மட்டும் இருந்தால் தேய்த்து மறுபடி முலாம் பூசலாம். (இதற்காகக் குரோம்பேட்டைக்குப் புறப்பட வேண்டாம், அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த குரோம், தோல் பதனிட்ட குரோம்!) துரு குழி பறித்திருந்தால் முலாம் அந்தக் குழியை மறைக்குமே தவிர நிரப்பாது. அப்போது புது ரிம்தான் கதி. அதிலும் துளைகளின் சாய்வு பழைய குடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் கம்பி நிப்பிளின் வாயிலேயே வளைந்து, சீக்கிரம் முறியும்.

கம்பிகளைப் பின்னியதும் கோட்டம் எடுக்கும் வேலை ஆரம்பமாகிறது. கோட்டம் என்பது எவ்வளவு அழகான சொல்! வள்ளுவர் நடுவு நிலைமையைப் பேசும்போது கையாண்ட சொல், சைக்கிள் கடையில் இன்றும் சிரஞ்சீவியாக வாழ்கிறது. முதலில் ரிம்மின் ஏற்ற இறக்கத்தையும், பிறகு பக்கவாட்டு ஆட்டத்தையும் சரி செய்வார்கள். ரிம் வலப்புறம் ஒதுங்கினால், அந்த இடத்தில் இடப்புறக் கம்பிகளை இறுக்க வேண்டும். கூடவே வலப்புறக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தவும் வேண்டும். அரைகுறை வேலைக்காரர் இறுக்குவதை மட்டுமே அறிவார். அவர் கையில் சக்கரம் அன்றைக்கு நேராகத்தான் சுற்றும். ஆனால் சில கம்பிகள் அறுந்துவிடும்போல் விறைத்திருக்கும், சில தூங்கும். சில நூறு கிலோமீட்டரில் பழைய கோட்டம் திரும்பிவிடும். கோட்டம் தெரிகிற இடம் ஒன்று. அதன் காரணம் இருக்கிற இடம் வேறொன்று. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் 2 மில்லிமீட்டர் ஆட்டம் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். கைதேர்ந்தவர் அதில் பாதிகூட விடமாட்டார். கடைசியில் சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்ப்பார். ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் திருப்தி. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் மறுபடி உட்காருவார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் வித்வானுக்கும் இவருக்கும் வித்தியாசம் அதிகமில்லை. பிறகு நிப்பிளுக்கு வெளியே நீட்டிய கம்பி நுனிகளை அரத்தால் தேய்த்து, ரிம்மின் மேல் பட்டையைச் சுற்றிவிட்டு, அப்புறந்தான் டியூபைத் தொடுவார். புதுக் கம்பிகள் ஓட்டத்தில் சற்றுப் படிந்து தளரும். ஆகையால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை கொண்டுவரச் சொல்வார்.

இவ்வளவு வேலைக்குக் கூலி கேட்டால் மட்டும் நம்மவர்களுக்கு மூக்கின் மேல் கோபம் வருகிறது. "கம்பியை முறுக்க இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். டாங்கியின் வர்ணத்துக்குக் கேட்டதைக் கொடுத்தவர்கள், உயிரைத் தாங்கும் சக்கரத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். அலாய் சக்கரங்களுக்கு இந்தப் பின்னல் வேலை கிடையாது; டியூபும் பெரும்பாலும் வேண்டியதில்லை. அது சௌகரியமே, குறை சொல்ல மாட்டோம். ஆனால் பேரம் பேசிப் பேசி இந்தக் கைகளை நாமே வேறு தொழிலுக்கு விரட்டிவிட்டால், பிறகு எந்த விலை கொடுத்தும் கற்றுக்கொள்ள ஆள் இராது. சீமையில் நின்றுபோன வண்டியை இங்கே விடாமல் செய்துவந்தவர்களின் ஊர் இது. அந்த வண்டிக்குச் சக்கரம் கட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் பேட்டையில் இருந்தால், கேட்ட கூலியைக் கொடுங்கள். உங்கள் வீட்டு வாலிபனையும் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இறுக்க வேண்டிய இடம் எது, தளர்த்த வேண்டிய இடம் எது என்று அறிந்துகொண்டால், அந்தப் பாடம் சக்கரத்துக்கு மட்டுமா உதவும்?