பிள்ளையின் செலவுத் தொகை: சமரசத் தாளில் விடுபடும் ஒரு வரி

இளம் தம்பதியர் பிரிவது இன்று நம் மஹல்லாக்களில் அரிதான செய்தியாக இல்லை. மயிலாப்பூரில் பெண்ணின் தாய்வீடு, தி.நகரில் மாப்பிள்ளைக்குத் துணிக்கடை வேலை, அடையாறில் வாடகைக் குடித்தனம் என்று தொடங்கும் வாழ்க்கை மூன்று நான்கு வருடங்களில் முறிந்துவிடுகிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மஹர், நகை, சீர் சாமான்கள் எல்லாம் கணக்குப் பார்க்கப்படுகின்றன. கடைசியில், இனி இரு தரப்புக்கும் இடையில் எந்தப் பாக்கியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை அந்தத் தாளில் எங்கும் இல்லை.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் நாம் செய்யும் பெரிய தவறு இது. மஹர் மனைவியின் உரிமை. அதை அவர் வாங்கலாம், விட்டும் கொடுக்கலாம். பிள்ளையின் பராமரிப்புச் செலவோ பிள்ளையின் உரிமை. பேச முடியாத அந்தக் குழந்தையின் சார்பில் அதை விட்டுக்கொடுத்துத் தாயோ, தாய்மாமனோ, ஜமாஅத் நிர்வாகிகளோ போடும் கையெழுத்து நீதிமன்றத்தில் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

ஷாபானு வழக்கின் தீர்ப்பு 1985இல் வந்ததும், அதைத் தொடர்ந்து 1986இல் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைப் பாதுகாப்பு) சட்டம் இயற்றப்பட்டதும் நமக்குத் தெரியும். கடந்த 2024 ஜூலை 10 அன்று, மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் சமுதாயத்தில் பெரும் விவாதம் எழுந்தது. இந்த விவாதங்கள் எல்லாம் மனைவியைப் பற்றியவை. பிள்ளைகளின் விஷயம் 1997லேயே தீர்க்கப்பட்டுவிட்டது. அது பலருக்குத் தெரியவில்லை.

பீகாரைச் சேர்ந்த நூர் சபா காத்தூன் வழக்கு அது. மூன்று பிள்ளைகளோடு தனித்து விடப்பட்ட தாய் நீதிமன்றம் சென்றார். தனக்கு மாதம் 200 ரூபாயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 150 ரூபாயும் என்று உத்தரவு பெற்றார். அதன்பின் கணவர் தலாக் கொடுத்தார். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, பிள்ளைகளுக்கு இரண்டு வயதுவரை கொடுத்தால் போதும் என்று வாதிட்டார். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது; உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு வருடம் என்பது கைக்குழந்தையை வளர்க்கும் தாய் தன் பெயரில் கோரும் தொகைக்கான வரம்பு. பிள்ளைகளுக்கு அதிலிருந்து வேறுபட்ட, சுயமான உரிமை உண்டு என்று விளக்கியது. வசதியுள்ள தகப்பன், பிள்ளைகள் பருவ வயதை அடையும்வரை அல்லது தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ளும்வரை, பெண் பிள்ளைகளாயின் திருமணம் ஆகும்வரை, பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று கூறியது. முஸ்லிம் தனியார் சட்டமும் இதையே சொல்கிறது என்று அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

நம் மார்க்கத்தின் நிலைப்பாடும் தெளிவானது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தகப்பனின் பொறுப்பு என்று சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், வருமானம் குறைந்தவர் தமக்கு அருளப்பட்டதிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது அத்தலாக் அத்தியாயத்தின் கட்டளை. கணவர் அபூ சுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பிள்ளையின் தேவை, தகப்பனின் சக்தி என்ற இரண்டு அளவுகோல்களும் இங்கேயே கிடைத்துவிடுகின்றன.

இந்த அளவுகோல்களை ரூபாயாக மாற்றுவதில்தான் சிக்கல். பிரிட்டனில் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று சூத்திரம் இருக்கிறது. அடிப்படை விகிதத்தில் ஒரு பிள்ளைக்கு 12, இரண்டு பிள்ளைகளுக்கு 16. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறையை வகுத்தது. இரு தரப்பும் சம்பளம், சொத்து, கடன், மாதச் செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும். பிள்ளையின் உணவு, உடை, வசிப்பிடம், மருத்துவம், கல்வி எல்லாம் அதில் அடங்கும்.

தாயும் வேலைக்குப் போகிறார் என்றால்? 2000ஆம் ஆண்டில் பத்மஜா சர்மா வழக்கில், சம்பாதிக்கும் இரு பெற்றோரும் வருமான விகிதப்படி பகிர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று வைத்தது. அது இந்துச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும் கணக்கு எல்லோருக்கும் புரியக்கூடியது. உதாரணமாக, உஸ்மான் சாலைக் கடை ஒன்றில் தகப்பனுக்கு 24,000 ரூபாய் சம்பளம், தாய்க்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். பால், பள்ளிக் கட்டணம், ஆட்டோ, மருந்து, வாடகையில் பிள்ளையின் பங்கு எல்லாம் சேர்ந்து மாதம் 9,000 என்றால், தகப்பன் 6,000, தாய் 3,000. இரவு காய்ச்சலுக்குக் கண்விழிப்பதும், காலையில் பள்ளிக்குக் கிளப்புவதும் தாய்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தகப்பன்மார்களின் மனக்குறையையும் நாம் கேட்க வேண்டும். பணம் மட்டும் வாங்குகிறார்கள், பிள்ளையைக் காட்ட மறுக்கிறார்கள் என்று வருந்துவோர் உண்டு. பிள்ளையைப் பார்ப்பது தகப்பனின் உரிமை; பிள்ளைக்கும் அது தேவை. அதற்குக் குடும்ப நீதிமன்றத்தில் தனியே மனு செய்யலாம். ஆனால் பார்க்க விடாததற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வராததற்காகப் பிள்ளையை மறைப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் தண்டனை பிள்ளைக்குத்தான்.

சட்ட வழி திறந்தே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாக இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம். இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போதிய காரணமின்றிப் பணம் கட்டாதவருக்கு, நிலுவையாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். நிலுவையை இந்தப் பிரிவின்படி வசூலிக்க ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதைத் தாய்மார்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லோரும் நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஜமாஅத்தில் பேசி முடிப்பது செலவும் குறைவு, மனக்கசப்பும் குறைவு. ஆனால் அந்தத் தாளில் பிள்ளைக்கென்று தனிப் பத்தி இருக்கட்டும். மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யாருடைய வங்கிக் கணக்கில், வருடத்துக்கு எவ்வளவு கூட்டித் தருவது, பள்ளிக் கட்டணமும் மருத்துவமனைச் செலவும் யார் பொறுப்பு, தகப்பன் பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் எவை என்று எழுதப்படட்டும். கையில் கொடுத்தேன், வாங்கவில்லை என்ற தகராறுக்கு இடமில்லாமல் பணம் வங்கி வழியே போகட்டும். இரு தரப்பும் சம்பளச் சீட்டை மேசையில் வைத்த பிறகே தொகை பேசப்படட்டும்.

தலாக்கோ குலாவோ கணவன் மனைவி உறவைத்தான் முடிக்கிறது. தகப்பன் என்ற உறவுக்கு முடிவு இல்லை. நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து, நம் முன்னிலையில் கையெழுத்தான தாளை எடுத்துப் படிக்கும்போது தன் பெயரை அதில் தேடும். அது அங்கே இருக்க வேண்டும்.