பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகின்ற ஜனங்கள் எது எதற்குப் பணம் செலவு செய்கின்றார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துவிடக் கூலி, நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, ரம்புட்டான் பழம், கோயிலில் அர்ச்சனை, அர்ச்சகர் தட்டுக்குத் தனியாக ஒன்று, இவ்வளவுக்கும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் கூட வந்த ஐந்து வயதுப் பிள்ளை கடையில் தொங்குகின்ற ஒரு படப்புத்தகத்தைக் காட்டி வேண்டும் என்று அழுதால், "பள்ளிக்கூடத்துப் புத்தகத்தையே படிக்கக் காணோம், இது வேறயா?" என்று ஒரே வார்த்தையில் விஷயம் தீர்ந்துவிடுகின்றது. அர்ச்சனைக்குக் கொடுத்த பணம் புண்ணியமாம். புத்தகத்துக்குக் கொடுத்தால் தண்டமாம்!

வாங்கிக் கொடுக்கின்றவர்களின் சங்கதியாவது ஒழுங்காக இருக்கின்றதா என்றால், அதுவும் இல்லை. ஒருவர் பனிக்கட்டி மழை பெய்கின்ற இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்தை, பளபளப்பாக இருக்கின்றதே என்று வாங்குகின்றார். மற்றொருவர் சாமி படங்களுக்கு வர்ணம் தீட்டுகின்ற புத்தகத்தை, பக்தியும் வரும் படிப்பும் வரும் என்று வாங்குகின்றார். இன்னொருவர் "எங்கள் பையன் கெட்டிக்காரன்" என்று சொல்லி, பத்து வயதுப் பிள்ளை படிக்கவேண்டிய கனத்த புத்தகத்தை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகின்றார். பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்போது தோளுக்கும் கைக்கும் அளவு பார்க்கின்ற இந்தப் புத்திசாலிகள், புத்தகத்துக்கு மாத்திரம் அளவு என்று ஒன்று இருக்கின்றதாகவே நினைப்பதில்லை.

இது நமது ஜனங்களின் குற்றம் மாத்திரமல்ல. நம் நாட்டில் படிப்பு என்பதே வெகுகாலம் மனப்பாடமாகத்தான் இருந்துவந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்து, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், அதற்குப் பிறகு நிகண்டு என்று படிப்படியாகத்தான் நடந்தது. ஆனால் அந்தப் படிகள் ஞாபகசக்திக்கு வைக்கப்பட்ட படிகளே ஒழிய, புரிந்துகொள்வதற்கு வைக்கப்பட்டவை அல்ல. பொருள் வயதான பிறகு தானாக விளங்கும் என்றார்கள். அந்தத் திண்ணையில் ஏறுவதற்கும் எல்லாருடைய பிள்ளைக்கும் உரிமை இருந்ததா என்பது நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையார் 2023ஆம் வருஷத்தில் வாசிப்பு இயக்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சிறு சிறு கதைப் புத்தகங்களை நான்கு வகையாகப் பிரித்து அச்சிட்டார்கள். அந்த வகைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் நுழை, நட, ஓடு, பற என்பவைகளாகும். சர்க்கார் காரியங்களில் பெயர் வைப்பது எப்போதும் வாயில் நுழையாததாக இருப்பதுதான் வழக்கம். இதில் பெயரே நுழை என்று இருப்பது நமக்குச் சந்தோஷம். இதற்கு முன்பே, 2015 முதல், பிரதம் புக்ஸ் என்கின்ற பெங்களூர் ஸ்தாபனத்தார் ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல பாஷைகளில் பிள்ளைக் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து, காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றார்கள். ஆகவே, இந்த ஏற்பாடு எங்கேயோ அமெரிக்காவில் நடப்பதென்று யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

நிலை என்றால் என்ன? தமிழில் எழுத்துகள் 247 என்று பெருமையாகச் சொல்லுகின்றோம். அந்தப் பெருமையின் பாரம் முழுவதும் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில்தான் இறங்குகின்றது. எழுத்தைக் கற்றுக்கொண்டாலும் அதோடு தீர்ந்ததா? வீட்டில் "மழை பெஞ்சுது" என்று பேசுகின்ற பிள்ளை, புத்தகத்தில் "மழை பெய்தது" என்று படிக்கவேண்டும். "மரத்தின் மேல் ஏறினான்" என்று பிரித்து அச்சிட்டால் படித்துவிடுகின்ற பிள்ளை, "மரத்தின்மேலேறினான்" என்று பண்டிதர் சந்தி சேர்த்துவிட்டால் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுகின்றது. ஆதலால் முதல் நிலைப் புத்தகம் என்பது பக்கத்துக்கு ஒரு வாக்கியம் அல்லது இரண்டு வாக்கியம், பெரிய எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி, வந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வருவது, வாக்கியத்தில் உள்ளது படத்திலும் இருப்பது என்றிருக்கவேண்டும். அடுத்ததில் ஒரு சின்னக் கதை. அதற்கும் அடுத்ததில் பக்கம் நிறைய எழுத்தும் அங்கங்கே படமும். கடைசியில் படம் இல்லாவிட்டாலும் பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்காது.

இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். 1935ஆம் வருஷத்தில் பெரியார் "குடி அரசு" பத்திரிகையில் ணை, லை, றா, னோ முதலிய 13 எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட்டபோது, தமிழ்த்தாயின் கையை வெட்டிவிட்டதாகக் கூச்சல் போட்டவர்கள் உண்டு. 1978-இல் சர்க்கார் அதை ஒப்புக்கொண்டு உத்தரவு போட்டார்கள். இன்று எந்தப் பிள்ளையும் அந்தப் பழைய கொம்பையும் சுழியையும் கற்றுக்கொள்ளாததால் ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை. ஆனால் தாத்தா காலத்துப் புத்தகம் வீட்டில் இருக்கின்றதே என்று அதை அப்படியே எழுத்துக் கூட்டிப் படிக்கின்ற பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். பழைய எழுத்தைக் கண்டு பிள்ளை விழித்தால் அது பிள்ளையின் மந்தமல்ல. அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். பிள்ளை காதால் கேட்கட்டும்.

புத்தகம் பிள்ளைக்கு ஏற்றதா என்று பார்ப்பதற்குப் பல தேசங்களிலும் உபாத்தியாயர்கள் கையாளுகின்ற ஒரு சுலபமான வழி இருக்கின்றது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லவேண்டியது. தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கவேண்டியது. பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இப்போதைக்குப் பெரிய புத்தகம். ஒரு விரலும் மடங்காவிட்டால் பிள்ளை தானாகவே சந்தோஷமாகப் படித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று மடங்கினால் அதுதான் சரியான அளவு. இதற்குப் பண்டிதரும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். கையில் ஐந்து விரல் இருந்தால் போதும். முதல் நிலைப் புத்தகத்தில் பக்கத்துக்கு நாலு வார்த்தைதானே இருக்கின்றது என்றால், அங்கே ஒரு விரலே அதிகம்.

ஆனால் தோழர்களே, இந்த நிலை என்கின்ற வார்த்தையில் ஒரு ஆபத்தும் இருக்கின்றது. நமது தேசத்தில் எதை நான்காகப் பிரித்தாலும் அதை மேல் கீழ் என்று ஆக்கிவிடுகின்ற வியாதி பரம்பரையாக இருந்துவருகின்றது. "இவன் நுழை, அவன் பற" என்று உபாத்தியாயர் வகுப்பில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த நாள் முதல் அந்தப் பிள்ளைக்கு அதுவே பெயராகிவிடும். அதிலும் முதல் நிலையில் மாட்டிக்கொள்ளுகின்ற பிள்ளைகள் யார்? வீட்டில் புத்தகம் என்பதையே காணாத கூலிக்காரன் பிள்ளை, பீடி சுற்றுகின்றவள் பிள்ளை. பிறகு அதைக் காட்டி, "இந்த ஜாதிக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்ல ஆள் இருக்காதா? அப்பன் தொழிலை அரைநாள் கற்றுக்கொள் என்று 1953-இல் குலக்கல்வித் திட்டம் வந்ததும், நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பினால் 1954-இல் அது ஒழிந்ததும் மறந்துவிடக் கூடியதா? நிலை என்பது புத்தகத்தின் முதுகில் ஒட்டுகின்ற சீட்டாகும். பிள்ளையின் முதுகில் ஒட்டுவதற்கு அதில் இடமே இல்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றிய புத்தகத்தில் ஓடுகின்ற பிள்ளை, ரயிலைப் பற்றிய புத்தகத்தில் நுழையவே திணறலாம். மூன்று மாதம் கழித்து இரண்டிலும் பறக்கலாம்.

இனி, உள்ளே என்ன இருக்கின்றது என்பதைப் பற்றி. காக்கை பேசுகின்றது, நரி பாடச் சொல்லுகின்றது என்று கதை வந்தால், அது பொய்யல்லவா, பகுத்தறிவுக்காரர் வீட்டில் அதைக் கொடுக்கலாமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கின்றார்கள். காக்கை பேசாது என்பது நாலு வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரிக்கின்றது. நாம் பயப்படவேண்டியது அந்தக் கதைக்கல்ல. "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்பதை நடந்த சமாச்சாரம்போல் அச்சடித்து, அதற்குப் படமும் போட்டுக் கொடுக்கின்றார்களே, அதற்குத்தான் பயப்படவேண்டும். முதலாவது கதை பிள்ளையைக் கேள்வி கேட்க விடுகின்றது. இரண்டாவது, கேள்வி கேட்டால் கண் போய்விடும் என்கின்றது. இதுபோலவே அரக்கன் என்றால் கருப்பு, ராஜகுமாரி என்றால் சிவப்பு, அப்பா பத்திரிகை படிக்க அம்மா காப்பி கொண்டுவருவது என்று படம் போட்ட புத்தகங்களும். வெயிலில் கறுத்த நமது பெண் பிள்ளை அதைப் பார்த்து, தான் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துக்கொள்ளாதா?

நம் பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். பிள்ளைக்கு ஏழு வயது ஆனவுடன் "பெண் ஏன் அடிமையானாள்?" புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்படுகின்ற தோழர்கள் உண்டு. அது அருமையான புத்தகம்தான். கல்யாணமாகின்ற வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பரிசு நமக்குத் தெரியாது. ஆனால் புரியாத வயதில் ஒப்பிக்கின்றது என்றால், பாசுரத்தை ஒப்பிப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கல் எப்படி மிதக்காமல் போகின்றது, மின்னலுக்குப் பிறகு ஏன் இடி கேட்கின்றது, ஐப்பசி மழையில் பேரருவித் தண்ணீர் ஏன் கலங்கி வருகின்றது என்று சொல்லுகின்ற ஒரு சிறு புத்தகம், அந்த வயதில் நூறு பிரசங்கத்துக்குச் சமானம்.

குற்றாலம் தென்காசிக்காரர்களாகிய நமக்கு இலக்கியப் பெருமை அதிகம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலத்தில் வாழ்ந்த டி. கே. சி. என்று மேடைதோறும் சொல்லுகின்றோம். ஆனால் இந்த மலையையும், சிங்கவால் குரங்கையும், சாரலையும் வைத்து எட்டு வயதுப் பிள்ளை தானே படிக்கும்படியான புத்தகம் எத்தனை எழுதினோம்?

எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே, அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். பத்துப் பன்னிரண்டு வயதில், கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் கீழடியை வைத்து எழுதி 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்தியப் பரிசு பெற்ற "ஆதனின் பொம்மை" ஒன்று. யெஸ். பாலபாரதியின் "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" மற்றொன்று. பிள்ளைகளிடத்தில் தகாதபடி நடந்துகொள்ளுகின்ற பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைக்கே சொல்லுகின்ற புத்தகம் அது. வீட்டில் வெட்கப்பட்டு மூடிவைக்கின்ற விஷயத்தைப் புத்தகம் சொல்லிவிடுகின்றது. ஜப்பான் தேசத்து டெட்சுகோ குரோயநாகி எழுதிய "டோட்டோ-சான்" என்பதைப் பிள்ளை படிக்கும் முன்பு உபாத்தியாயர் படித்தால் நல்லது.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாது, நாங்கள் எப்படிப் படித்துக் காட்டுவது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். கடையம், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பொழுது சாய்கின்ற வரை பீடி சுற்றுகின்றவர்களுக்குக் கையும் ஒழியாது, கண்ணும் ஒழியாது. ஆனால் காது ஒழிந்துதானே இருக்கின்றது? கியூபா தேசத்தில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டாயிற்று. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவரை உயரமான ஆசனத்தில் உட்காரவைத்து, தாங்கள் சுருட்டுச் சுற்றுகின்ற நேரம் முழுவதும் பத்திரிகையும் நாவலும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த வருஷமே கவர்னர் பயந்துபோய் அதற்குத் தடை போட்டார். தடை நிலைக்கவில்லை, அவர்கள் கேட்டு ரசித்த மாண்டி கிறிஸ்டோ கதையின் பெயர் பிற்காலத்தில் ஒரு சுருட்டுக்கே பெயராயிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையாள தேசத்தில், கண்ணூர்ப் பீடித் தொழிலாளிகள் ஒருவரைப் பத்திரிகை படிக்கச் சொல்லி, அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்திருக்கின்றார்கள்.

நமது தாய்மார்கள் ஆள் வைக்கவேண்டியதில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். அம்மா சுற்றிக்கொண்டே கேட்கட்டும். "பிறகு என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பிள்ளை அடுத்த பக்கத்தைத் தானாகத் திருப்பும். தப்பாகப் படித்தால் திருத்த ஆள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கதை கெட்டுப்போனால் பிள்ளையே திரும்பிப் போய்ப் படிக்கும்.

புத்தகத்துக்குப் பணம்? 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நாம் கட்டுகின்ற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகின்றோம். அதற்குப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. வாசகர் என்றால் மீசை முளைத்தவர் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், பிள்ளைப் புத்தகங்கள் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அல்லது கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கத்தினர் சீட்டைப் பிள்ளையின் பெயரிலேயே கேளுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், விரலை மாத்திரம் நீங்கள் மடக்குங்கள்.