படத்துக்கும் ஒரு பெயர் உண்டு

இராயவரத்து அழ. வள்ளியப்பாவையும் அரிமழம் தந்த வாண்டுமாமாவையும் நம் மாவட்டத்து மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் குழந்தைகளுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்!

உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாகச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமாவில் பார்த்தவர் மறக்கமாட்டார். கதை மறந்திருக்கும், படம் மறக்காது. அதைத் தீட்டியவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். 1924இல் தாராபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, சென்னையில் ஓவியம் பயின்று, கலைமகளில் பணியாற்றி, 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கே வரைந்தார். கதாசிரியர் ‘காட்டு வழி’ என்று இரண்டே சொல்லில் எழுதிவிடுவார். மரம் எப்படி வளைந்திருந்தது, ஆந்தை எந்தக் கிளையில் இருந்தது, அரசன் காதில் என்ன அணி — அவ்வளவும் ஓவியர் பாடு. 2020இல் மறைந்தார். பத்மஸ்ரீ அறிவிப்பு 2021இல் வந்தது!

என் தம்பி எட்டாம் வகுப்பு. நன்றாக வரைவான். அவனுடைய ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. “படம் சோறு போடுமா?” என்கிறார் அப்பா. போடாமலும் போகலாம். ஆனால் செய்தவர் பெயரே தெரியாத தொழிலுக்கு எந்தப் பிள்ளை துணிந்து போவான்?

நம் நூலகப் பதிவேட்டில் ஆசிரியர் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. ஓவியர் பெயருக்கும் ஒன்று போடும்படி நூலகர் ஐயாவிடம் கேட்கப் போகிறேன். கல்லூரியில் குழந்தை நூலா என்று சிரிக்க வேண்டாம். இருக்கும் சிலவற்றிலேயே தொடங்கலாம். உடன் வர விரும்பும் நண்பர்கள் வரலாம்.