கிப்லி படங்கள்: படுக்கையருகே ஒரு தரவரிசை

ஜப்பானிய அசைவூட்டப் படங்களுள் உலகெங்கும் பெயர்பெற்றவை கிப்லி நிறுவனத்தின் படங்கள். ஹயாவோ மியாசாகி, இசாவோ தக்காஹாதா ஆகிய இயக்குநர்களும் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியும் முன்னின்று வளர்த்த இந்நிறுவனம் 1985இல் தொடங்கப்பெற்று, இதுவரை இருபதுக்கு மேற்பட்ட முழுநீளப் படங்களைத் தந்துள்ளது. அவற்றைக் கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசைப்படுத்திப் பார்ப்பது ரசிகர்களுக்குச் சலிக்காத விளையாட்டு. நாமும் ஒரு வரிசை தருகிறோம். ஆனால் நமது அளவுகோல் வேறு. கட்டிலில் படுத்திருப்பவரும் அருகே நாற்காலியில் விழித்திருப்பவரும் சேர்ந்து பார்க்கும்போது, நோயைப் பற்றியும் காத்திருத்தலைப் பற்றியும் எந்தப் படம் உண்மை பேசுகிறது என்பதே நமது கேள்வி.

கடைசி இடத்தை முடிவுசெய்வதில் சிரமமில்லை. 2020இல் வந்த 'இயர்விக் அண்ட் தி விட்ச்' கையால் வரையும் மரபை விட்டுக் கணினியில் உருவாக்கப்பட்டது. பாத்திரங்களின் முகங்கள் பொம்மை முகங்களாகவே நிற்கின்றன. கதையும் பாதியில் அறுந்ததுபோல் முடிகிறது. அதற்கு ஒரு படி மேலே 2006இன் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ'. மரணத்தைப் பற்றி அதில் பாத்திரங்கள் நிறையப் பேசுகின்றன. பேச்சு மட்டுமே மிஞ்சுகிறது.

மூன்றாவதாகக் கீழிருந்து நாம் வைப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். தக்காஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' பெரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. 1945இல் கோபே நகரின்மீது குண்டுகள் பொழிந்தபின், தாயை இழந்த சிறுவன் செய்தா தன் தங்கை செத்சுகோவை மருத்துவரிடம் கொண்டுசெல்கிறான். ஊட்டச்சத்து வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிடுகிறார். ஊட்டத்துக்கு நான் எங்கே போவேன் என்று அச்சிறுவன் கதறுவதைக் கேட்டபின், எழுதிக்கொடுத்த பத்திய உணவுப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட எந்தக் குடும்பத்துக்கும் அவனைப் புரியும். படம் உண்மை பேசுகிறது. எனினும் சிகிச்சைக் காலத்தில் பார்க்க வேண்டா என்றே பரிந்துரைக்கிறோம். உடல் தேறி வீடு திரும்பிப் பல மாதங்கள் சென்றபின் பாருங்கள்.

நடுவில் நிற்பவற்றை விரைந்து கடக்கலாம். ஆஸ்கர் விருது பெற்ற 'ஸ்பிரிட்டட் அவே'யில் பெற்றோரை மீட்கும் பொறுப்பு பத்து வயதுச் சிஹிரோவின் தலையில் விழுகிறது. இளம் வயதிலேயே பெற்றோருக்குத் துணையிருக்க நேர்ந்தோர் அவளைத் தம்முள் ஒருத்தியாகக் காண்பர். 'பொன்யோ'வில் முதியோர் இல்லத்துப் பாட்டிமார் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கிக் கடலுக்கடியில் ஓடித் திரிவார்கள். நடக்க இயலாத மூத்தோர் உள்ள வீடுகளில் அக்காட்சி சிரிப்பையும் கண்ணீரையும் ஒருங்கே வரவழைக்கும். 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்துச் சிறு சூனியக்காரி திடீரெனப் பறக்கும் ஆற்றலை இழக்கிறாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது. நன்கு தேறிவந்த உடல் ஒரு வாரம் காரணமின்றித் தளரும்போது நம் வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வியும் அதுவே.

அடுத்த இடம் 2010இன் 'ஏரியட்டி'க்கு. இதய அறுவை சிகிச்சைக்குமுன் ஓய்வெடுக்க வந்த சிறுவன் ஷோ, தரைக்கடியில் வாழும் விரலளவுப் பெண்ணைச் சந்திக்கிறான். உங்கள் இனம் அழிந்துபோகும் என்று அவளிடம் இரக்கமின்றிச் சொல்கிறான். பிறகு வருந்தி, சாகப்போவது தான்தான் என்கிறான். அச்சம் எரிச்சலாக மாறித் தம்மைவிட எளியவர்மீது பாய்வதை உடனிருப்போர் நன்கறிவர். அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்பதைப் படம் காட்டுவதில்லை. ஆனால் அது தொடங்குவது, அந்தக் கோடையைப் பின்னொரு நாளில் நினைவுகூரும் ஷோவின் குரலோடு. கவனித்துக் கேட்டவர்க்கு அதுவே விடை.

'தி விண்ட் ரைசஸ்' (2013) படத்துக்கு மூன்றாம் இடம் தருகிறோம், மனக்குறையோடுதான் தருகிறோம். விமானப் பொறியாளர் ஜிரோவின் மனைவி நஹோகோவுக்குக் காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மலைநாட்டுக் காசநோய் மருத்துவமனையின் திறந்த தாழ்வாரத்தில், பனிக்குளிரில் போர்வைக்குள் படுத்திருப்பதே சிகிச்சை. அங்கிருந்து கணவனைத் தேடி வந்துவிடுகிறாள். அவன் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணக்குப் போடுகிறான், அதுவரை அருமை. பிறகு அந்த அறையிலேயே சிகரெட் பற்றவைக்கிறான்! ஜப்பானின் புகையிலை எதிர்ப்பு அமைப்பொன்று இப்படத்தின் புகைக்காட்சிகளைக் கண்டித்தது. நாமும் அவ்வமைப்பின் பக்கமே. ஆயினும் நம்மை உறுத்துவது வேறொன்று. கணவன் கவலைப்படக்கூடாதென்று நஹோகோ நாள்தோறும் கன்னங்களில் செஞ்சாயம் பூசிக்கொள்கிறாள். மருத்துவம் பயின்ற நாத்தனார் காயோவுக்குத்தான் அது தெரிகிறது. இறுதியில், அழகிய தோற்றமே கணவன் நினைவில் நிற்கட்டும் என்று சொல்லாமல் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுகிறாள். படம் இதைத் தியாகமெனப் போற்றுகிறது. நாம் அப்படிக் கருதவில்லை. நோயாளி தம் உறவினருக்காக நலமானவர்போல் நடிக்க வேண்டியதில்லை. சோர்ந்த முகத்தைக் காண்பதற்கும் சேர்த்தே அவர்கள் அருகில் அமர்ந்திருக்கிறார்கள்.

இரண்டாம் இடம் 1997இன் 'பிரின்சஸ் மோனோனோகே'. காடும் இரும்பு உலையும் மோதும் இக்கதையில், உலைநகரத் தலைவி எபோஷி காட்டை அழிப்பவள். கடவுளர்மீதே துப்பாக்கியை உயர்த்துபவள். அவளுடைய தோட்டத்தின் ஒரு மூலையில் உடலெங்கும் கட்டுப் போட்ட தொழுநோயாளிகள் வேலை செய்கின்றனர். எழ முடியாமல் படுத்திருக்கும் ஒருவர், எல்லாரும் எம்மைத் தீண்ட அஞ்சியபோது எம் புண்களைக் கழுவிக் கட்டியவள் இவள்தான் என்று சொல்லி, அவளைக் கொல்ல வேண்டா என மன்றாடுகிறார். இப்படத்தை உருவாக்கிய நாள்களில் மியாசாகி, தம் வீட்டிலிருந்து நெடுந்தொலைவில்லாத தாமா ஸென்ஷோயென் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றுவந்ததைப் பின்னர்ப் பொதுமேடையில் கூறியுள்ளார். தொழுநோயாளரைப் பிரித்துவைத்த ஜப்பானியச் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது; மறு ஆண்டு இப்படம் வந்தது. இந்நோயாளிகள் இரக்கத்துக்குரிய கூட்டமாகக் காட்டப்படவில்லை. கைத்தொழில் கற்று, கேலி பேசிச் சிரித்து, தம் தலைவிக்காக வாதாடுகிறார்கள். குருதிக் காட்சிகள் மிகுந்த படம், சிறுவர்க்கு உகந்ததன்று.

முதலிடம் 'மை நெய்பர் டொட்டோரோ'வுக்கு. 1988 ஏப்ரலில், மேலே சொன்ன 'ஃபயர்ஃப்ளைஸ்' படத்துடன் இணைத்து ஒரே காட்சியாகத் திரையிடப்பட்டது இது. காட்டில் வாழும் பெரிய உரோமப் பூதத்தைப் பற்றிய குழந்தைப் படம் என்றே பலர் இதை அறிவர். நம் பார்வையில் இது நோயாளியின் வீட்டைப் பற்றிய படம். தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். அவளுக்கு அருகே இருக்கவே தந்தை, சத்சுகி, மேய் ஆகிய மகள்களுடன் சிற்றூருக்குக் குடிவருகிறார். மியாசாகியின் தாயும் அவர் சிறுவனாக இருந்தபோது முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். படத்தில் நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. குழந்தைகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வார இறுதியில் வீட்டுக்கு வரவிருந்த தாய் வர இயலாதென்று தெரியவருகிறது. சிறு சளிதான் என்கிறார்கள். அதுவரை சமைத்து, உணவு கட்டிக்கொடுத்து, தங்கையை அடக்கிவந்த சத்சுகி உடைந்து அழுகிறாள். போன முறையும் சளி என்றுதானே சொன்னார்கள்? அம்மா இறந்துவிட்டால்? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கும் பெரியோர் இந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். சென்ற முறை சொன்ன சொல்லையும் இம்முறை சொன்ன சொல்லையும் அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதி உண்மை அவர்களை ஆற்றுவதில்லை. மீதியைத் தாமே கற்பனை செய்துகொள்கிறார்கள்.

தோட்டத்துச் சோளத்தைத் தின்றால் அம்மாவுக்குக் குணமாகும் என்று நம்பிய நான்கு வயது மேய், ஒரு கதிரை அணைத்துக்கொண்டு தனியே மருத்துவமனைக்குப் புறப்பட்டு வழிதவறுகிறாள். அவளைக் கண்டுபிடித்தபின் அக்காவும் தங்கையும் மரக்கிளையில் அமர்ந்து, சன்னலுக்குள் தாய் சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறார்கள். உள்ளே போவதில்லை. கதிர் மட்டும் சன்னல் விளிம்பில் கிடக்கிறது. அக்கதிர் நோயைத் தீர்க்காது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டுப் பிள்ளை வரைந்து அனுப்பும் படத்தைப் பைக்குள் வைத்துவிடாமல், படுத்திருப்பவர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.

சிறுமியர் இருவரும் உண்மையில் இறந்துவிட்டனர் என்றொரு வதந்தி நெடுநாளாக உலவுகிறது; நிறுவனமே அதை மறுத்துவிட்டது. படத்தின் நீளம் 86 நிமிடம். டிரிப்ஸ் ஏறி முடிவதற்குள் பார்த்துவிடலாம். ஒன்றே ஒன்று: கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். தாய் வாடகைக் காரில் வீட்டுக்கு வந்து இறங்குவது அந்தப் பெயர்களுக்கு நடுவே வரும் சித்திரங்களில்தான்.