எல்லை தாண்டும் கருப்பட்டி

ஸ்ரீவைகுண்டத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். போன மாதம் சாத்தான்குளம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் பனையேறி, இவர் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் கருப்பட்டி ஊற்றுகிறவர். திருவனந்தபுரத்துக் கடைக்காரர் ஒருவர் அரைக் கிலோ பாக்கெட்டாகக் கேட்கிறாராம்.

“ஜிஎஸ்டி நம்பர் இருந்தாத்தான் வாங்குவேங்காரு அண்ணாச்சி. அது நமக்கு எதுக்கு?”

உதிரியாக அனுப்பினால் கருப்பட்டிக்கு வரியே கிடையாது, பதிவும் வேண்டாம். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். அதையும் தமிழ்நாட்டுக்குள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினாலோ முதல் பாக்கெட்டுக்கே பதிவு கட்டாயம். எங்களுக்குச் சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

பதிந்தபின் பனை ஓய்ந்து விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். எனக்கு வருமானம்தான், அவருக்கு?

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். 1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் ‘சி’ ஃபாரம் என்று ஒன்று இருந்தது. வெளிமாநில வியாபாரி அதை அனுப்பினால் சலுகை வரி, 2008 ஜூனுக்குப் பிறகு 2 சதவீதம். அனுப்பாவிட்டால் உள்ளூர் வரி விகிதம் விற்றவர் தலையில். ஒரே ஃபாரத்துக்காக ஒன்றரை வருடம் கடிதம் எழுதியிருக்கிறேன். 2017 ஜூலையில் அந்தத் தொல்லை ஒழிந்தது. பொருள் எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்கு வரி போவதும் நியாயமே.

பதிவு விதிதான் உறுத்துகிறது. பத்தமடைப் பாய் கைவினைப் பொருள் என்பதால், பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் 20 லட்சம் வரை பதிவில்லாமலே கேரளா போகலாம். கருப்பட்டி லேபிளை வரைந்து தரும் பையனும் தன் வேலையை அதே 20 லட்சம் வரை எந்த மாநிலத்துக்கும் விற்கலாம், அது சேவை. லேபிளுக்குள் இருக்கும் பண்டத்துக்கு மட்டும் வழியில்லை. அமெரிக்காவில் 2018-இல் வேஃபேர் வழக்கில் வெளிமாநில விற்பனையாளரிடமும் வரி கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தபோதுகூட, தெற்கு டகோட்டாவின் சட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரோ 200 விற்பனையோ தாண்டாத சிறு வியாபாரியை விட்டுவைத்திருந்தது. இந்த 20 லட்ச வரம்பை எல்லாச் சரக்குக்கும் ஜிஎஸ்டி கவுன்சில் நீட்டினால் போதும்.

அந்த அம்மா பதிவு செய்யவில்லை. ஓலைச் சிப்பமாகவே அனுப்புகிறார். அங்கே கடைக்காரர் பாக்கெட் போட்டு, தன் பெயரை ஒட்டி விற்கிறார்.