வாட்டுப் பெருமையும் வீட்டு இசையும்

"எத்தனை வாட்?"

வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கியவரைப் பார்த்து நம்மவர் கேட்கும் முதற் கேள்வி இதுதான். "பாடகரின் குரல் குரலாகக் கேட்கிறதா? நாயனத்தின் குழைவு தெரிகிறதா? தபேலாவில் விரல் பட்டதும் உள்ளங்கை பட்டதும் வேறு வேறாக விளங்குகின்றனவா?" என்று எவரும் கேட்பதில்லை. ஆயிரம் வாட் என்றால் புருவங்கள் உயர்கின்றன. நான்கு வாட் என்றால் ஏளனப் புன்னகை பிறக்கிறது. இசையை எடை போட்டு வாங்கும் இந்த வழக்கத்தை யார் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள்?

ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இசை கேட்பதற்கு நான்கு வாட் போதும். அதையும் பழைய முறை வால்வு ஆம்பிளிஃபையரிலிருந்து பெற்று, திறன் மிக்க கூம்பு ஸ்பீக்கரின் வழியே கேட்டால், ஆயிரம் வாட் பெட்டி தர முடியாத ஒன்றை அது தரும். இது பழமைப் பித்தில் சொல்வதன்று. கணக்குப் பார்த்துச் சொல்வது. ஐயமுள்ளவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

இன்று கடைகளில் விற்கும் வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபல் ஒலி தருபவை. நன்கு வடிவமைத்த கூம்பு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 104 டெசிபல் தருகிறது. வேறுபாடு பதினாறுதானே என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் ஆற்றல் இரட்டிப்பு. பத்து கூடினால் பத்து மடங்கு. பதினாறு கூடினால் ஏறத்தாழ நாற்பது மடங்கு! கூம்புக்கு இரண்டு வாட் கொடுத்துப் பெறும் ஒலியைச் சாதாரணப் பெட்டியிலிருந்து பெற எண்பது வாட் வேண்டும்.

இன்னும் ஒரு படி செல்வோம். கூம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியிட்டு அமர்கிறோம். நிறைவாகக் கேட்க 80 டெசிபல் வேண்டும் என்று கொள்வோம். தொலைவினால் ஏறத்தாழ பத்து டெசிபல் குறையும் என்று கழித்தாலும், அந்த ஒலிக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். பாட்டின் உச்சத்தில், பறை அதிரும் அந்த நொடியில், இருபது டெசிபல் கூடுதலாக எழும்பினாலும் நான்கு வாட் போதுமானது. அந்த நான்கு வாட்டைத்தான் ஒற்றை வால்வு தருகிறது. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? வயலின் அக்கரையில் நிற்பவரை அழைக்கும் உழவர் இரு கைகளையும் வாயருகே குவிக்கிறார் அல்லவா? அதுதான் கூம்பின் தத்துவம். ஸ்பீக்கரின் தாள் திறந்த காற்றில் அசையும்போது அதன் உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது. நூற்றில் ஒரு பங்கு ஒலியானால் அதுவே பெரிது. சிறிய தொண்டையிலிருந்து மெல்ல மெல்ல விரிந்து பெரிய வாயில் முடியும் கூம்பு, அந்தத் தாளுக்கும் அறைக் காற்றுக்கும் இடையே பாலமாகிறது. அதனால் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு கூட ஒலியாக மாறுகிறது. தாள் மிகச் சிறிதளவே அசைந்தால் போதும். அசைவு குறைந்தால் பிசகும் குறையும். நம் பாட்டனார் காலத்துக் கிராமபோன் ஒரு வாட் மின்சாரமும் இன்றிக் கூடம் நிறையப் பாடியது இந்தக் கூம்பினால் அன்றோ?

வரலாறும் இதற்குச் சான்று கூறும். லீ டி பாரஸ்ட் 1906ஆம் ஆண்டில் மூன்று முனை வால்வைக் கண்டார். 1930களில் பேசும் படம் பரவியபோது, நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகைகளை நிரப்பியவை எட்டு, பத்து, பதினைந்து வாட் வால்வு ஆம்பிளிஃபையர்களும் ஆளுயரக் கூம்புகளுமே. அமெரிக்காவில் பால் க்ளிப்ஷ் என்பவர் 1940களில் வீட்டின் மூலையில் வைக்கத்தக்க கூம்பு ஸ்பீக்கரைச் செய்தார். ஐம்பது ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியைத் தர வேண்டுமானால் கூம்பின் வாய் இரண்டு மீட்டருக்கு மேல் அகன்றிருக்க வேண்டும் என்பது இயற்பியல் விதி. அத்தனை பெரிதை வீட்டில் எங்கே வைப்பது? மூலையின் இரு சுவர்களையும் தரையையும் கூம்பின் நீட்சியாகவே ஆக்கிக் கொண்டார் அவர். செங்கல் சுவர் எழுப்பிய நம் வீட்டு மூலைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. நாட்டுக்குத் தேவை நல்லதொரு ஐந்து வாட் ஆம்பிளிஃபையர்தான் என்பது அவர் சொன்னதாக இன்றும் வழங்கும் கருத்து.

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. வாட் மலிவாயிற்று. மலிவானதும் விளம்பரமாயிற்று. 1990களில் கைப்பிடி வைத்த டேப் ரிக்கார்டர்களின் நெற்றியில் 'பி.எம்.பி.ஓ.' என்றோர் எழுத்துக் கூட்டம் ஏறி அமர்ந்தது. ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்கள் மின்னின. அந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறையே கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் பார்த்தால், சுவரிலிருந்து அது இழுக்கும் மின்சாரமே சில பத்து வாட் என்று இருக்கும். இருபது வாட் உண்டு ஆயிரம் வாட் உமிழும் பெட்டி எந்த உலகத்தில் உண்டு? ஆனாலும் நம்பினோம், வாங்கினோம், அண்டை வீட்டார்க்குப் போட்டுக் காட்டி மகிழ்ந்தோம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை கூம்புக்கு நாம் செய்தது. குறைந்த ஆற்றலில் நிறைந்த ஒலி தரப் பிறந்த கருவி அது. அதற்கு அளவாகக் கொடுத்தோமா? இல்லை. ஐம்பதும் நூறும் வாட் ஊட்டி மரத்தில் கட்டினோம். விழுப்புரத்திலிருந்து வரும் சாலை புதுச்சேரிக்கும் பண்ருட்டிக்கும் பிரிகின்ற கோலியனூர் கூட்டுரோட்டை எடுத்துக் கொள்ளுங்கள். திருமணமா, காதணி விழாவா, கட்சிக் கூட்டமா, எந்தச் சமயத்தாரின் திருவிழாவா, எதுவாயினும் முதலில் வருவது மைக் செட். அடுத்து உயரத்தில் ஏறுவது குழாய். இங்கு மட்டுமா? திண்டிவனத்திலும் அதே கதை. தமிழகம் முழுவதும் அதே கதை. நோயாளி படுத்திருக்கும் வீடும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அந்தக் குழாயின் கண்ணில் படுவதில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியால் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இதன் பின் கூம்பு என்றாலே தடை, வழக்கு, பறிமுதல் என்று ஆகிவிட்டது. குற்றம் கூம்பினுடையதா? கத்தியால் காய் நறுக்காமல் கழுத்தை அறுத்தவன் இருக்க, கத்திக்குத் தண்டனை கொடுத்த கதை இது!

நாகூர் இ.எம். ஹனிபாவின் குரலை நினையுங்கள். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்தப் பாடகரின் வெண்கலக் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டியதில்லை என்று நேரில் கேட்டவர்கள் சொல்வர். நம்மில் பலர் அவரை அறிந்ததெல்லாம் எந்த வழியே? தன் அளவுக்கு மீறி முடுக்கிவிடப்பட்டு, கரகரத்து, உடைந்து ஒலித்த தெருக் குழாயின் வழியே! அந்தக் குரலின் கம்பீரத்தை மட்டுமே குழாய் நமக்குத் தந்தது. ஒரு சொல்லை முடிக்கும்போது அது எப்படித் தணிகிறது, அடுத்த அடிக்கு முன் எப்படி மூச்செடுக்கிறது என்பதைக் காற்றில் கரைத்துவிட்டது. ஒரு மாபெரும் பாடகரை வாழ்நாளெல்லாம் கேட்டும் அவரை முழுமையாகக் கேளாதவர்களாய் இருக்கிறோம். அதே பதிவை வீட்டுக் கூடத்தில், அளவான ஒலியில், நல்ல கூம்பின் முன் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். அவர் நம்மை நோக்கிப் பாடுவது அப்போதுதான் தெரியும்.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"வால்வு காலாவதியானதன்றோ?" என்பர். காலாவதியானது வேறு, கைவிடப்பட்டது வேறு. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே வால்வுகளைச் செய்து தந்தது. இன்று அவை ரஷ்யாவிலும் சீனத்திலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுகின்றன. செய்கிறார்கள் என்றால் வாங்குகிறவர் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? ஜப்பானியர் 1970களிலேயே பழைய கொட்டகைக் கூம்புகளையும் வால்வுகளையும் தேடித் தேடி வாங்கினர். மின்னணுத் தொழிலில் முன்னணியில் நின்றவர்கள் அவர்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்பீர்களா?

"வால்வில் ஒலித் திரிபு அதிகம்" என்பர். மெய்தான், மறுப்பதற்கில்லை. ஒற்றை வால்வை அதன் எல்லைவரை விரட்டினால் திரிபு ஏறும். ஆனால் நம் கணக்கில் அது பெரும்பொழுதும் ஒரு வாட்டின் சிறு பின்னத்தில் அன்றோ உழைக்கிறது! அந்த அளவில் அதன் திரிபு மிகக் குறைவு. உள்ளதும் பெரும்பாலும் காதை உறுத்தாத இரண்டாம் மடங்கு ஒலியே.

"மின்சாரம் வீணாகுமே!" என்பாரும் உளர். நான்கு வாட் ஒலிக்காக அறுபது, எழுபது வாட் சுவரிலிருந்து எடுக்கும் என்பது உண்மை. ஒரு மின்விசிறியின் செலவு அது. உள்ளே முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருப்பதும், நிறுத்திய பின்னும் அது சிறிது நேரம் தங்குவதும் உண்மையே. அறியாதவர் திறந்து கை வைக்கலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கூண்டிட்டே வைக்க வேண்டும். குறைகளைச் சொல்லாமல் நிறைகளை மட்டும் சொல்வது வியாபாரியின் வேலை.

"இது பணக்காரர் பொழுதுபோக்கு" என்பது கடைசிக் கணை. இந்தக் கணையை எய்ய இடம் கொடுத்தவர்கள் எம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வெள்ளிக் கம்பி என்றும், தூய செம்பு என்றும், இலட்சங்களைக் கொட்டி, விலையைக் காதால் கேட்பவர்கள் அவர்கள். ஆயிரம் வாட் பித்துக்கும் ஐந்து இலட்சம் பித்துக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. இரண்டும் எண்ணை வணங்குகின்றன, பாட்டை மறக்கின்றன.

நமக்கு வேண்டியது நம் ஊர்களிலேயே கிடக்கிறது. மூடிய திரையரங்குகளின் கூம்புகளும் பழைய மைக் செட்டுகளின் வால்வு ஆம்பிளிஃபையர்களும் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. தெருக் குழாயை அப்படியே கூடத்தில் மாட்டச் சொல்லவில்லை. பேச்சுக்கென்று செய்த அதில் தாழ்ந்த ஒலியும் இல்லை, மிக உயர்ந்த ஒலியும் இல்லை. கொட்டகைக் கூம்பும், அதற்கேற்ற தாழ்ஒலிப் பெட்டியும் வேறு வகை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கைகளுக்கு, தகடுகளுக்கிடையே அளவான இடைவெளி விட்டு ஒற்றை வால்வுக்கான டிரான்ஸ்பார்மர் சுற்றும் முறையைக் கற்பிப்பது முடியாத செயலா? வால்வு செட்டுகளைப் பழுது பார்த்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களோடு அந்தக் கைத்திறனும் மண்ணுக்குள் போய்விட்டால், பிறகு எந்த விலை கொடுத்தும் அதை வாங்க முடியாது.

காதும் விலைக்குக் கிடைக்காது. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபல் என்பது அது வகுத்த எல்லை. அதிர்ந்தால்தான் இசை என்று பழகிய செவிக்கு அமைதி வெறுமையாய்த் தோன்றும். மெல்லிய ஒலி கேளாது. கேளாததால் இன்னும் கூட்டச் சொல்லும். நம் பிள்ளைகளை அந்தச் சுழலில் விடப் போகிறோமா?

கூம்பை மரத்திலிருந்து இறக்குவோம். வீட்டின் மூலையில் அமர்த்துவோம். நான்கு வாட் கொடுப்போம். அதையும் முழுதாகக் கொடுக்க வேண்டாம். இனி எவரேனும் "எத்தனை வாட்?" என்று கேட்டால், விடை சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார்ந்து கேளுங்கள்" என்று மட்டும் சொல்வோம்.